வேகவதிக் கரையில் ஒரு வாழத்தக்க நகரம்

நம் இல்லங்களில் இக்காலத்தில் அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, எந்த நகரில் குடியமர்வது என்பதாகும். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் நிலத்தோடும் ஜினாலயத்தோடும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள், பிள்ளைகளின் கல்வியையும் பணியையும் முன்னிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்து வருகின்றன. வீடு பார்க்கச் செல்லும்போது தண்ணீர் உண்டா, பள்ளி அருகில் உள்ளதா என்று கேட்கிறோம். பொழுது சாயுமுன் உண்ணும் நோன்புடையோர், அலுவலகத்திலிருந்து எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பதையும் எண்ணிப் பார்க்கின்றனர். இவற்றோடு, வாய்விட்டுக் கேட்காத வினா ஒன்றும் உண்டு. எண்ணிக்கையில் மிகச் சிலராகிய நாம், அந்நகரில் நம்மை மறைத்துக்கொள்ளாமல் வாழ முடியுமா என்பதே அது. ஒரு நகரின் நன்மையை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம் முன்னோர் பலநூறு ஆண்டுகள் வாழ்ந்த காஞ்சி மாநகரை அவ்வளவுகோலால் அளந்து பார்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

காஞ்சியின் பழமைக்குச் சங்க நூலே சான்று. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கச்சி நகரின் அமைப்பைத் தாமரையின் பொகுட்டுக்கு ஒப்பிடுகின்றது. பலரும் தொழ விழாக்களால் மேம்பட்ட ஊர் என்றும் அதனைப் போற்றுகின்றது. ஒருவர் மட்டும் தொழும் ஊர் என்று புலவர் கூறவில்லை. பலர் தொழும் ஊர் என்பதே அவர் கண்ட சிறப்பு. மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பித்த ஆண்டுகளில் அச்சொல்லை விரைந்து கடந்து சென்றிருக்கிறேன். இப்போது படிக்கும்போது அவ்விடத்தில் நின்றுவிடுகிறேன்.

நகர வாழ்வுக்கு முதல் தேவை நீர். காஞ்சிக்கு அருகில் பாலாறும், நகரை ஒட்டி வேகவதியும் ஓடினாலும், இரண்டும் ஆண்டு முழுதும் நீர் சுமப்பவை அல்ல. ஆகவே மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் ஏரிகளே அந்நகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் காத்தன. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்ந்த செய்தியைக் கூறுகின்றது. அரண்மனையின் அழகைப் பாடும் மெய்க்கீர்த்திகளைக் காட்டிலும் ஒரு கால்வாயின் பெயரைக் காக்கும் இத்தகைய செப்பேடே ஊர் எவ்வாறு வாழ்ந்தது என்பதை நன்கு உணர்த்துகின்றது. நீர் பொய்த்தால் என்ன நேரும் என்பதையும் நம் இலக்கியம் மறைக்கவில்லை. மணிமேகலை அமுதசுரபியோடு கச்சி மாநகர் புகுந்த காலத்தில் அந்நகர் வற்கடத்தால் வாடிக் கிடந்தது என்று சாத்தனார் பாடுகின்றார். பிற நகரில் பிறந்த ஒரு பெண் துறவி, பசித்தோர் அனைவரையும் ஒருங்கு அழைத்து உணவிட்ட காட்சி அது. அந்நூல் பௌத்தக் காப்பியமாயினும், உணவுக் கொடையை அறங்களுள் தலையாயதாகக் கொள்ளும் நமக்கும் அக்காட்சி அயலானது அன்று.

அடுத்தது தொழில். காஞ்சியின் நெசவு இன்றும் உலகறிந்தது. ஆனால் நெசவாளர்க்கு அந்நகரில் இருந்த மதிப்பைப் பலர் அறியார். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. கச்சிப்பேட்டில் ஊரகத்துத் திருமால் கோயிலின் அறக்காரியங்களைப் பற்றிய ஆவணம் அது. கோயிலின் பொன்னைப் பெற்று அதற்குரிய வட்டியைச் செலுத்தும் பொறுப்பு நகரின் குடியிருப்பினரிடம் விடப்பட்டதையும், அக்காரியங்களைக் கண்காணிப்பது பட்டுநெசவாளர் வாழ்ந்த சேரியினரின் கடமையாக்கப்பட்டதையும் அதில் காண்கிறோம். சேரி என்னும் சொல் இன்று பெற்றுவிட்ட இழிபொருள் அன்று அதற்கு இல்லை. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். அந்தணர் ஊராகிய உத்தரமேரூரும் 12 சேரிகளாகவே பிரிக்கப்பட்டிருந்தது. தறியில் அமர்ந்து உழைப்பவர் கையில் கோயில் கணக்கை ஒப்படைத்த நகரம் காஞ்சி என்பது இங்கே கருதத்தக்கது.

கல்வியைப் பற்றிக் கூறாமல் காஞ்சியைப் பற்றிக் கூற இயலாது. அங்கிருந்த உயர்கல்வி நிலையம் கடிகை எனப்பட்டது. கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு, மயூரசர்மன் என்னும் இளைஞன் தன் ஆசிரியரோடு பல்லவர் தலைநகருக்கு வந்து, வேதக் கல்வியை முழுமையாகக் கற்கும் விருப்புடன் கடிகையிற் புகுந்ததைக் கூறுகின்றது. அங்கே பல்லவரின் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலால் மனம் புண்பட்டு, நூலை வைத்து வாளை எடுத்த அவன், பின்னர்க் கடம்பர் அரசை நிறுவினான். தொலைநாட்டு மாணவனை ஈர்த்ததும் காஞ்சியே. அவனை அவமதித்து அனுப்பியதும் காஞ்சியே. நகரின் புகழைப் பாடுவோர் இரண்டையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

கடிகையாரின் பெருமைக்கு நான் மிகவும் மதிக்கும் சான்று பகைவன் ஒருவன் பொறித்தது. 8ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். தலைமுறைப் பகை உடையவன், நகரை எரித்திருக்கலாம். ஆனால் அவன் நகருக்கு ஊறு செய்யாமல், கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து, அதனைக் கோயிலுக்கே திருப்பி அளித்தான். இச்செய்தி அக்கோயிலிலேயே கன்னட மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. இந்த அறத்தை அழிப்போர், இந்நகரத்துக் கடிகையின் பெருமக்களைக் கொன்றோர் அடையும் உலகை அடைவர் என்பது அக்கல்வெட்டின் சாபம். வெளியூர் வேந்தன் ஒருவன், கொடும் பாவத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடியபோது அவன் நினைவுக்கு வந்தது, அந்நகரின் கற்றோரைக் கொல்வது.

அரசுரிமையிலும் நகரத்தார்க்குக் குரல் இருந்தது. பரமேசுவரவர்மன் என்னும் பின்னைய பல்லவன் மறைந்து அரியணை வெறுமையாயிருந்தபோது, கடிகையார் உள்ளிட்ட நகரப் பெருமக்கள் இரணியவர்மனை நாடிச் சென்று, அவன் மகனாகிய சிறுவனை அழைத்து வந்து நந்திவர்மனாக முடிசூட்டினர். வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் இந்நிகழ்ச்சி சிற்பமாகவும் எழுத்தாகவும் உள்ளது. காஞ்சிக்குச் செல்வோர் பட்டுக்கடைக்குச் செல்லுமுன் அரைமணி நேரம் ஒதுக்கி அதனைக் காண வேண்டும்.

இனி, தொடக்கத்தில் கூறிய அளவுகோலுக்கு வருவோம். கி.பி. 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூறு அளவிலான பௌத்தப் பள்ளிகளையும் பதினாயிரம் துறவியரையும் குறிப்பிட்டு, எண்பது அளவிலான பிற கோயில்களையும் கூறி, நிர்க்கிரந்தர் மிகப் பலர் என்று எழுதினார். நிர்க்கிரந்தர் என்று அவர் சுட்டியவர் நம்மவரே. அவருக்கும் முன்பே, கி.பி. 458இல் திருப்பாதிரிப்புலியூரில் உலோகவிபாகம் என்னும் நூலை முடித்த சர்வநந்தி முனிவர், காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்று அதன் காலத்தைக் குறித்தார். பல்லவர் காலக் கணக்கை வரையறுக்க வரலாற்றாசிரியர்க்குப் பெரிதும் உதவியது ஒரு ஜைன முனிவரின் இக்குறிப்பே. பள்ளன்கோயில் செப்பேடுகளோ, பல்லவ வேந்தன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவர்க்குப் பள்ளிச்சந்தம் அளித்ததைக் கூறுகின்றன. சமந்தபத்திரரையும் அகளங்கரையும் காஞ்சியோடு இணைத்துப் பேசுவது நம் மரபு.

வேகவதிக்குத் தெற்கே உள்ள அப்பருத்திக்குன்றமே ஜினகாஞ்சி எனப்பட்ட பகுதி. அங்கே சந்திரப்பிரபர் ஆலயமும், வர்த்தமானரை மூலவராகக் கொண்ட திரைலோக்கியநாதர் ஆலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவர் இங்கு வாழ்ந்தவர் என்பர்.

ஆனால் காஞ்சி எந்நாளும் அமைதியாகவே இருந்தது என்று நான் கூறமாட்டேன். மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நாடகத்தில் காபாலிகனும் பௌத்தத் துறவியும் காஞ்சித் தெருவில் கூச்சலிட்டுச் சண்டையிடுகின்றனர். அது நகைச்சுவை. தேவாரத்தில் நம்மைக் குறித்து வரும் வசைமொழிகள் நகைச்சுவை அல்ல. மகேந்திரனே சமணத்தை விட்டுச் சைவனானான் என்று பெரியபுராண மரபு கூறுகின்றது. அரச ஆதரவு மாறிய பின் நம் பள்ளிகள் பல தளர்ந்தன. வாதம் கற்றோர் அவையில் நிகழும்வரை நகருக்கு அழகு. அவை நீங்கித் தெருவுக்கு வந்துவிட்டால் சிறு கூட்டத்தார் வீட்டுக் கதவை அடைத்துக்கொள்ள நேரும். அந்நிலை வரும்போது நகரம் என்ன செய்கின்றது?

இதற்கு ஒரு விடை 1368ஆம் ஆண்டுச் சிரவணபெளகொளக் கல்வெட்டில் உள்ளது. விசயநகரப் பேரரசின் சில நகரங்களில் வாழ்ந்த ஜைனர், வைணவரால் தமக்கு நேர்ந்த இடரை அரசன் புக்கராயனிடம் முறையிட்டனர். ஐம்பெரும் வாத்தியங்களும் கலசமும் கொண்டு விழாச் செய்யும் உரிமை பற்றியது அவ்வழக்கு. அரசன் வைணவப் பெரியோரை ஒருங்கு கூட்டினான். திருவரங்கம், திருமலை, திருநாராயணபுரம் ஆகிய தலங்களின் ஆசாரியர்களோடு, பெருமாள்கோயில் எனப்படும் காஞ்சியின் ஆசாரியர்களும் அங்கு வந்திருந்தனர். இரு தரிசனத்துக்கும் வேற்றுமை இல்லை என்று கூறி, அரசன் ஜைனரின் கையைப் பற்றி வைணவரின் கையில் வைத்தான். ஜைனரின் பழைய உரிமைகள் தொடரும் என்றும், அவர்க்கு வரும் கேட்டை வைணவர் தமக்கு வந்த கேடாகக் கருதிக் காத்தல் வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஜைன இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு பணம் தண்டி, பெளகொளத்துக்கு 20 காவலரை அமர்த்தவும், எஞ்சியதைக் கொண்டு சிதைந்த ஆலயங்களைப் பழுதுபார்க்கவும் ஏற்பாடு செய்தனர். வெறும் நல்லுரையோடு நில்லாமல் கணக்கும் காவலும் வகுத்த உடன்படிக்கை இது.

இருபது ஆண்டுகள் செல்வதற்குள் அதன் பயன் காஞ்சியிலேயே கண்கூடாயிற்று. இரண்டாம் அரிகரராயனின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்பர் ஜைனர்; புஷ்பசேன முனிவரின் மாணாக்கர்; நானார்த்தரத்தினமாலை என்னும் வடமொழி நிகண்டினை இயற்றியவர். 1385இல் விசயநகரத் தலைநகரில் குந்துநாதருக்கு ஆலயம் எடுத்த அவர், 1387-88இல் பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் எழுப்பினார். முன்னரே மகேந்திரமங்கலம் என்னும் ஊரையும் அவ்வாலயத்துக்கு அளித்திருந்தார். இசைக்கென ஒரு மண்டபம்! வாத்தியம் வாசிக்கும் உரிமைக்காக முறையிட்ட சமூகம், காஞ்சியில் திறந்த வெளியில் தூண் நிறுத்தி இசை கேட்டது. அதன் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளைப் பிற்காலத்தார் ஓவியமாகத் தீட்டி, கீழே தமிழில் விளக்கமும் எழுதி வைத்தனர். 1934இல் டி. என். இராமச்சந்திரன் இவ்வாலயங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியக வெளியீடாக ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதியமையால் அவை அறிஞர் கவனத்துக்கு வந்தன.

இன்று பருத்திக்குன்றத்தில் நம்மவர் இல்லங்கள் மிகச் சில. இருபுறமும் நெசவாளர் வீடுகள். ஆலயத்துள் குராமரம் நிற்கின்றது. அந்தப் பக்கம் போகும் வேகவதி, ஆறு என்று சொல்லிக் காட்ட நாணும் நிலையில் இருக்கின்றது. கூரம் செப்பேட்டின் காலத்தில் கால்வாய்க்கும் பெயரிட்டுப் போற்றிய நகரம் அது.

நம் மக்கள் எப்போது, எக்காரணத்தால் அந்நகரை விட்டுச் சிற்றூர்களுக்குப் பெயர்ந்தனர் என்பது ஒரு நாளில் நடந்த செய்தி அன்று. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூரில் இருக்கும் நம் தலைமை மடம் காஞ்சியிலிருந்து வந்தது என்பது மரபு. வயல்களுக்கு நடுவில் உள்ள அவ்வூருக்குத் தேர்த் திருவிழாவின்போது செல்லும் நம் பிள்ளைகளுள் சிலர், காஞ்சிபுரம் எங்கோ இருக்க, இந்த மடத்துக்கு ஏன் ஜினகாஞ்சி மடம் என்று பெயர் என்று கேட்கின்றனர். குடிபெயர்ந்த நம் முன்னோர், விட்டு வந்த நகரின் பெயரை மட்டும் விடாமல் உடன் கொண்டு வந்துவிட்டனர்.