குடியரசுத் தலைவரின் முடிவுகளும் கேரள அரசியலும்: 1958 முதல் 2025 வரை

திருவனந்தபுரம்: பழவங்காடியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கே சென்றால் கேரளத் தலைமைச் செயலகம் வரும். அதன் வளாகத்தில் இருந்த பழைய சட்டப்பேரவை மண்டபத்தில் 1957-ஆம் ஆண்டு நிறைவேறிய கல்வி மசோதா தொடர்பாக குடியரசுத் தலைவர் எடுத்த முடிவு, மத்திய - மாநில அதிகாரம் குறித்த விவாதங்களில் இன்றும் எதிரொலிக்கிறது.

ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அரசு, தனியார் பள்ளிகளை நெறிப்படுத்த அந்த மசோதாவைக் கொண்டுவந்தது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பினார். அப்போதைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், அரசமைப்புச் சட்டத்தின் 143-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார். பள்ளிகளை அரசே ஏற்க வகைசெய்யும் பிரிவுகள் சிறுபான்மையினர் உரிமையைப் பாதிக்கும் என 1958 மே 22-இல் நீதிமன்றம் கூறியது. திருத்தப்பட்ட மசோதாவுக்கு 1959-இல் ஒப்புதல் கிடைத்தது. சிறுபான்மையினர் கல்வி நிறுவன வழக்குகளில் அக்கருத்து இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அரசுக்கு எதிராக 'விமோசன சமரம்' வலுத்த நிலையில், 1959 ஜூலை 31-இல் 356-ஆவது பிரிவின் கீழ் அந்த அரசு கலைக்கப்பட்டது. பேரவையில் பெரும்பான்மை இருந்தும் அரசு நீக்கப்பட்டதால், மாநில உரிமை குறித்த விவாதங்களில் இந்நிகழ்வு தொடர்ந்து சுட்டிக்காட்டப்படுகிறது. இத்தகைய பிரகடனங்கள் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று 1994-இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆட்சிக் கலைப்புக்கு இவ்வாறு வரம்பு வகுக்கப்பட்டாலும், மசோதாக்கள் மீதான முடிவுக்குக் காலவரம்பு இல்லை. 201-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்குக் கெடு எதையும் விதிக்கவில்லை. பல்கலைக்கழக வேந்தர் பொறுப்பிலிருந்து ஆளுநரை நீக்கும் கேரள மசோதாவுக்கு 2024-இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. இதுபோன்ற மசோதாக்கள் தொடர்பாக கேரள அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது.

தமிழ்நாடு தொடர்ந்த வழக்கில், 2025 ஏப்ரல் 8-இல் இரு நீதிபதிகள் அமர்வு குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. இதையடுத்து குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, 1958-இல் பயன்படுத்தப்பட்ட அதே 143-ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை எழுப்பினார். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20-இல் கருத்துத் தெரிவித்தது. அதேவேளை, ஆளுநர் மசோதாக்களைக் காலவரையின்றி நிறுத்திவைக்க முடியாது என்றும் கூறியது.

மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் செயல்படுகிறார். எனவே, மாநிலப் பேரவை நிறைவேற்றிய சட்டம் எவ்வளவு காலம் தில்லியில் காத்திருக்கலாம் என்பது, அன்றும் இன்றும் மத்திய - மாநில உறவு சார்ந்த கேள்வியாகவே நீடிக்கிறது.