சட்டனூகா – ஒரு ஊரே கூடி எழுதிய திட்டம்

1969-ஆம் ஆண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில் வால்டர் கிராங்கைட் ஒரு ஊரின் பெயரை வாசித்தார். நாட்டிலேயே காற்று மிகவும் கெட்டுப்போன நகரம் அது என்று அரசு அறிக்கை சொல்லியிருந்தது. அந்த ஊர், டென்னசி மாநிலத்தில் இருக்கும் சட்டனூகா.

சுற்றிலும் மலை, நடுவில் ஆறு. பார்க்க அழகான இடம்தான். ஆனால் இரும்பு வார்ப்பு ஆலைகளின் புகை மலைகளைத் தாண்டிப் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடும். பட்டப்பகலில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டிய நாட்களும் உண்டு.

அதே ஆண்டில் கடுமையான காற்று மாசுச் சட்டம் வந்தது. 1972-க்குள் பெரும்பாலான ஆலைகள் வழிக்கு வந்தன. புகை குறைந்தது. ஆனால் அடுத்த பத்து, பதினைந்து வருடங்களில் ஆலைகளே ஒவ்வொன்றாக மூடப்பட்டன! 1980-ல் சுமார் 1,70,000 பேர் இருந்த நகரத்தில் 1990-ல் சுமார் 1,52,000 பேர்தான் மிஞ்சினார்கள். காற்று சுத்தமானது, வேலை போய்விட்டது.

இப்படிப்பட்ட நிலையில் என்ன செய்வார்கள்? நாலு அதிகாரிகளும் நாலு முதலாளிகளும் ஒரு அறையில் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். சட்டனூகா வேறு மாதிரி யோசித்தது. 1984-ல் 'சட்டனூகா வென்ச்சர்' என்ற அமைப்பு ஊர் மக்களையே கூப்பிட்டது. கேட்டது ஒரே கேள்வி: 2000-ஆம் ஆண்டில் நம் ஊர் எப்படி இருக்க வேண்டும்? யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். 'விஷன் 2000' என்று பெயர் பெற்ற இந்தக் கூட்டங்களில் சுமார் 1,700 பேர் கலந்துகொண்டார்கள். சொன்னதையெல்லாம் எழுதி, வகை பிரித்து, கடைசியில் 40 இலக்குகளாகச் சுருக்கினார்கள். ஆற்றங்கரையைச் சீர்செய்வது மட்டும் அதில் இல்லை. வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்பதும் இருந்தது. மூடிய அறையில் போடும் திட்டத்தில் இப்படி ஒரு வரி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, பணம்? பணம் இல்லாத ஆசைப் பட்டியல் வெறும் காகிதம். இங்கேதான் ஒரு சுவாரசியமான வணிகக் கதை வருகிறது. 1899-ல் சட்டனூகாவைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள், கோகோ கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை ஒரே ஒரு டாலர் ஒப்பந்தத்தில் பெற்றார்கள். அதில் முதலீடு செய்து பெரும் பணக்காரரானது லப்டன் குடும்பம். அந்தக் குடும்பத்தின் லிண்ட்ஹர்ஸ்ட் அறக்கட்டளை விஷன் 2000-க்குத் தோள் கொடுத்தது. ஏழைகளின் வீட்டு வசதிக்காக 1986-ல் தனி அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. சுமார் 4.5 கோடி டாலர் செலவில் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட மீன் காட்சியகம் 1992-ல் திறந்தது. முதல் வருடத்திலேயே பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 1978-ல் வாகனங்களுக்கு மூடப்பட்டு, இடிப்பதற்காகக் காத்திருந்த வால்நட் தெருப் பாலம் 1993-ல் நடப்பவர்களுக்கான பாலமாகத் திரும்பி வந்தது.

பொதுவாக இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது.

கூட்டத்தில் எல்லோரும் பேசலாம் என்ற அதே காலத்தில், ஐந்து பேர் கொண்ட நகர ஆணையத்துக்கு ஊர் முழுவதும் ஒரே தொகுதியாக ஓட்டுப் போட்டது. கறுப்பர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. அதனால் அவர்கள் ஓட்டின் மதிப்பு குறைந்து போனது. 1987-ல் கறுப்பின மக்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 1989-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1990-ல் பழைய ஆணையம் போய், 9 வார்டுகள் கொண்ட நகர மன்றம் வந்தது. கருத்துச் சொல்லும் உரிமையைக் கூட்டம் கொடுத்தது. முடிவெடுக்கும் உரிமையை நீதிமன்றத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது.

அந்த அழகான பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1906-ல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரின் தூக்குத் தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அன்று இரவே ஒரு கும்பல் சிறையை உடைத்து, அவரை அந்தப் பாலத்தில் தொங்கவிட்டுக் கொன்றது. 2000-ல்தான் அவர் மீதான தீர்ப்பு ரத்தானது. பாலத்தின் அருகில் நினைவிடம் அமைய 2021 வரை ஆனது. 1984-ன் 40 இலக்குகளுக்குள் அடங்காத கணக்கு இது.

இதனால் விஷன் 2000 பொய் என்று ஆகிவிடாது. 1993-ல் மறுபடியும் ஊரைக் கூட்டினார்கள், இந்த முறை சுமார் 2,600 பேர் வந்தார்கள். 2010-ல் நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியமே தன் எல்லை முழுவதும் ஒரு கிகாபிட் வேக இணையத்தைக் கொடுத்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 1,81,000. விட்டுப் போன கூட்டத்தை விட அதிகம்!

ஒரு ஊரின் எதிர்காலத்தைப் பற்றி ஊரையே கேட்பது நல்ல ஆரம்பம். கேட்டதைச் செய்து முடிக்கப் பணமும் பொறுப்பான ஆளும் வேண்டும். அதோடு, சொன்னவனுக்கு ஓட்டிலும் சம பங்கு வேண்டும். சட்டனூகா முதல் இரண்டையும் தானாகக் கற்றுக்கொண்டது. மூன்றாவதை வழக்குப் போட்டுக் கற்றுக்கொடுத்தார்கள்.