வேலூர் - ஆம்பூர் தோல் தொழிற்பகுதியில் தொடர்பாடல் தடைகள்

தொடர்பாடல் தடை என்பது ஒருவர் அனுப்பும் செய்தி, அவர் கருதிய பொருளிலேயே மற்றவரைச் சென்றடையாதவாறு தடுக்கும் காரணி ஆகும். மொழி வேறுபாடு, இரைச்சல், துறைச்சொற்கள், பதவி ஏற்றத்தாழ்வு, அச்சம், இடையாட்கள் முதலியன பொதுவான தடைகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்நாட்டில் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் இத்தடைகள் அனைத்தையும் ஒருங்கே காணலாம். அமிலங்களும் நச்சு வாயுக்களும் சுழலும் இயந்திரங்களும் உள்ள தொழில் என்பதால், இங்கு ஒரு செய்தி தவறுவது உயிரிழப்பில் முடியக்கூடும். செய்தியை மொழிபெயர்ப்பதால் மட்டும் தடை நீங்குவதில்லை. கேட்டவர் திருப்பிக் கேட்கவும், தேவையானால் மறுக்கவும் வழி இருக்கும்போதே தொடர்பாடல் நிறைவு பெறுகிறது.

பின்னணி

இப்பகுதி முன்னர் வட ஆற்காடு மாவட்டத்திலும் பின்னர் வேலூர் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. 2019 ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதன்பின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டை அதே பெயர் கொண்ட மாவட்டத்திலும் உள்ளன.

தொடக்கத்தில் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருட்களைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. பின்னர் குரோமிய உப்புகளின் பயன்பாடு பரவியது. 1970களில் இந்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதைத் தொடர்ந்து, முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணிகளும் இங்கேயே உற்பத்தி செய்யப்படலாயின. உள்ளூரில் 'ஷூ கம்பெனி' என அழைக்கப்படும் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தனர். தோல் பதனிடும் கூடங்களின் உரிமையாளர்களுள் பலர் இசுலாமிய வணிகக் குடும்பத்தினர். அங்கு உடலுழைப்பில் ஈடுபடுவோருள் தலித் மக்கள் பெரும்பங்கினர். அண்மைப் பத்தாண்டுகளில் மேற்கு வங்காளம், பீகார் முதலிய வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்துள்ளனர்.

தொடர்பாடலின் கூறுகள்

அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் சானன் 1948 இல் வெளியிட்ட தொடர்பாடல் கோட்பாட்டில் அனுப்புநர், தடம், பெறுநர், இரைச்சல் ஆகிய கூறுகள் விளக்கப்பட்டன. தொலைபேசி, தந்தி போன்ற கருவிகளை முன்னிட்டு எழுந்த இக்கோட்பாடு பின்னர் மனிதர்களுக்கு இடையிலான உரையாடலுக்கும் பொருத்திப் பார்க்கப்பட்டது. அவ்வாறு பொருத்தியபோது பின்னூட்டம் என்னும் கூறும் சேர்க்கப்பட்டது. பெறுநர் செய்தியை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதை அனுப்புநருக்குத் தெரிவிக்கும் மறுமொழியே பின்னூட்டம் ஆகும். ஒரு மேற்பார்வையாளர் கட்டளையிட்டதும் தொழிலாளி தலையசைத்தால் அது பின்னூட்டம் போலத் தோன்றும். ஆனால் அந்தத் தலையசைப்பு 'புரிந்தது' என்பதையும் குறிக்கலாம். 'புரியவில்லை என்று சொல்ல அச்சமாக உள்ளது' என்பதையும் குறிக்கலாம்.

தடைகளின் வகைகள்

மொழித் தடை

இப்பகுதி நெடுங்காலமாகப் பன்மொழிப் பகுதியாக இருந்து வருகிறது. தமிழுடன் தக்காணி உருதும் தெலுங்கும் வழங்குகின்றன. உள்ளூர் மக்களுள் பலர் இரண்டு மூன்று மொழிகளில் பேசிப் பழகியவர்கள். வணிகக் கடிதங்களும் வெளிநாட்டு வாங்குநரின் தர விதிகளும் ஆங்கிலத்தில் உள்ளன. வடமாநிலத் தொழிலாளரின் வருகையால் வங்காளமும் இந்தியும் இவற்றுடன் சேர்ந்தன.

2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. சேற்றுக்கழிவு அருகிலிருந்த தோல் கூடத்திற்குள் புகுந்ததில் அங்கு உறங்கிக்கொண்டிருந்தோர் உட்படப் பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்கள். சுவர் இடிந்ததற்கு மொழி காரணமன்று. ஆயினும் தமிழ் அறியாத தொழிலாளர் ஆபத்தான அமைப்புகளுக்கு மிக அருகில் தங்கி உழைப்பதை இந்நிகழ்வு பலருக்குத் தெரியப்படுத்தியது.

வேலூர் நகரில் இதற்கு நேர்மாறான நிலையைக் காணலாம். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் பெருமளவில் வருகின்றனர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் வங்காளத்திலும் இந்தியிலும் பெயர்ப்பலகைகள் வைத்துள்ளன. கடைக்காரர்கள் அம்மொழிகளில் பேசவும் கற்றுள்ளனர். வாடிக்கையாளராக வருபவரின் மொழியைச் சந்தை விரைவில் கற்றுக்கொள்கிறது. கூலிக்கு வருபவரிடம் அவரே மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எனவே மொழித் தடையின் அளவை, அதைக் களைவதால் யாருக்கு நன்மை என்பதும் தீர்மானிக்கிறது.

புறத்தடை

தோல் பதனிடும் கூடங்களில் மரத்தாலான பெரிய டிரம்கள், சதை நீக்கும் இயந்திரங்கள், தோலை மென்மையாக்கும் இயந்திரங்கள் ஆகியவை தொடர்ந்து ஓசை எழுப்புகின்றன. முகக்கவசமும் காதடைப்பானும் பாதுகாப்புக்கு இன்றியமையாதவை. எனினும் அவை பேச்சொலியைக் குறைத்து, உதட்டசைவையும் மறைக்கின்றன. இத்தகைய இடத்தில் 'நிறுத்து' என்ற சொல் 'நிரப்பு' எனக் கேட்கப்பட்டால் விளைவு பெரிதாகலாம்.

துறைச்சொல் தடை

'லைமிங்', 'பிக்கிள்', 'வெட் ப்ளூ', 'கிரஸ்ட்' ஆகிய சொற்கள் இத்தொழிலில் பழகியவர்களுக்கு எளியவை, புதியவர்களுக்கு விளங்காதவை. பேச்சு வழக்கில் 'ஆசிட்' என்ற ஒரே சொல் கந்தக அமிலத்தையும் பார்மிக் அமிலத்தையும் குறிக்கலாம். ஊதியச் சீட்டில் காணப்படும் ஆங்கிலச் சுருக்கங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. வருங்கால வைப்பு நிதிக்கும் ஊழியர் அரசுக் காப்பீட்டுக்கும் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதை அறியாத தொழிலாளி, பிடித்தம் தவறாக இருப்பினும் கேட்க இயலாது.

பதவியும் அச்சமும்

காலணித் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் ஒரு மணிநேரத்திற்கு இத்தனை இணை என்று இலக்கு விதிக்கப்படுகிறது. ஐயத்தைக் கேட்க நின்றால் வரிசை தடைப்படும். பெண் தொழிலாளருக்கு ஆண் மேற்பார்வையாளரிடம் உடல்நலக் குறைவையோ தொல்லையையோ எடுத்துச் சொல்வது கடினம். சாதி வேறுபாடும், ஒப்பந்தத் தொழிலாளி, நிரந்தரத் தொழிலாளி என்ற வேறுபாடும் பேச்சைக் கட்டுப்படுத்துகின்றன. இருவரும் ஒரே தாய்மொழியினராக இருந்தாலும் இத்தடை நீடிக்கும்.

இடையாட்கள்

ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் பெண்கள் வீட்டிலிருந்தே காலணியின் மேற்பகுதியைக் (தொழிலில் 'அப்பர்') கையால் தைக்கின்றனர். வெளிநாட்டு நிறுவனம், ஏற்றுமதியாளர், துணை ஒப்பந்தக்காரர், முகவர் ஆகியோரைக் கடந்தே வேலை அவர்களிடம் வந்து சேர்கிறது. தரம், காலக்கெடு பற்றிய செய்திகள் இச்சங்கிலியில் மேலிருந்து கீழே வருகின்றன. கூலி போதவில்லை, ஊசி பட்டுக் காயமாயிற்று, கண் வலிக்கிறது ஆகிய செய்திகள் பெரும்பாலும் முகவருக்கு மேல் செல்வதில்லை. தைப்பவர் பலருக்குத் தாம் எந்த நிறுவனத்திற்காகத் தைக்கிறோம் என்பதே தெரியாது. வீட்டுவேலைத் தொழிலாளருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177 ஆவது உடன்படிக்கை 1996 இல் ஏற்கப்பட்டது; இந்தியா அதில் இணையவில்லை.

மறையும் எச்சரிக்கை: ஐதரசன் சல்பைடு

தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. இக்கழிவு அமிலத்துடன் கலந்தால் ஐதரசன் சல்பைடு வாயு வெளிப்படும். கழிவுத் தொட்டிகளில் தேங்கிய சேற்றிலும் இவ்வாயு உருவாகும். குறைந்த அளவில் இது அழுகிய முட்டை நாற்றம் உடையது. ஏறத்தாழ மில்லியனில் 100 பங்கு என்ற செறிவில் நுகர்புலன் மரத்துவிடுவதால் நாற்றம் தெரியாமல் போகும். வாயு கூடும்போது எச்சரிக்கை மறைகிறது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று கருதி இறங்குபவர் மயங்கி விழ நேரிடும். அவரைக் காப்பாற்ற மூச்சுக்கருவி இன்றி இறங்குபவரும் உயிரிழப்பதுண்டு.

இதை அறிந்தவர் வேதியியலாளர். தொட்டியில் இறங்குபவர் கூலித் தொழிலாளி. முன்னவரின் அறிவு பின்னவருக்குப் புரியும் சொற்களில், இறங்கும் முன்பே சென்று சேர வேண்டும். வாயு அளக்கப்படாத தொட்டியில் இறங்க மறுத்தால் வேலை போகாது என்ற உறுதியும் அவருக்கு வேண்டும். இந்த உறுதி இல்லாதபோது, நன்கு புரிந்த எச்சரிக்கையும் பயனற்றதாகிறது.

பாலாறு: உழவரும் அலுவலகமும்

தொழிற்கூடத்திற்கு வெளியே, ஊராருக்கும் அரசு அமைப்புகளுக்கும் இடையிலும் தொடர்பாடல் தடை இருந்தது. கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது, பயிர் கருகுகிறது என்று உழவர்கள் முறையிட்டனர். அலுவலகங்களோ ஒரு லிட்டரில் கரைந்துள்ள திண்மங்களின் மில்லிகிராம் அளவு, மாதிரி எடுத்த நாள் போன்ற விவரங்களின் அடிப்படையில் இயங்குபவை. ஒரு தரப்பின் பட்டறிவு மறுதரப்பின் மொழிக்கு மாறும்வரை அது சான்றாகக் கொள்ளப்படவில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மைய மதிப்பீடு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகத்து 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி, தம் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரைச் சாரும். உழவர் தம் இழப்பை ஆய்வக மொழியில் நிறுவ வேண்டியிருந்த சுமையை இது ஓரளவு மாற்றியது. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

சட்ட ஏற்பாடுகள்

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் வைக்கப்பட வேண்டும் என்றது. நூறு பேரில் எழுபது பேர் தமிழறிந்தோர் எனில், ஆங்கிலமும் தமிழும் இருந்தாலே இவ்விதி நிறைவேறிவிடும். எஞ்சிய முப்பது பேருக்கு அறிவிப்புச் சென்றதா என்ற வினா எழாது.

போபால் பேரழிவுக்குப் பின் 1987 இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் சேர்க்கப்பட்டது. ஆபத்துகளைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கும் கடமை நிருவாகத்திற்கு விதிக்கப்பட்டது. உடனடி ஆபத்து உள்ளதாகக் கருதும் தொழிலாளர் அதை நிருவாகத்திடமும் ஆய்வாளரிடமும் எடுத்துரைக்கும் உரிமை பெற்றனர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020 ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன.

பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், முறையீடு எழுத்தில் அமைய வேண்டும் என்கிறது. எழுத இயலாத பெண்ணுக்கு எழுதித்தர உதவுவது உள்ளகக் குழுவின் கடமை என்றும் கூறுகிறது. தடையைக் களையும் பொறுப்பைச் செய்தியைப் பெறுபவர் மீது சுமத்தும் விதி இது.

தடைகளைக் களையும் முறைகள்

- திருப்பிச் சொல்லச் செய்தல்: 'புரிந்ததா?' என்று கேட்பதற்கு மாறாக, 'இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்டு, தொழிலாளியைத் தம் சொற்களில் கூறவோ செய்து காட்டவோ சொல்லலாம். மருத்துவத் துறையிலும் இம்முறை பயன்படுகிறது.
- படக்குறிகள்: வேதிப்பொருட்களுக்கான உலகப் பொது அடையாள முறையில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஒன்பது குறிகள் உள்ளன. படத்தின் பொருளும் கற்பிக்கப்பட வேண்டியதே. ஒட்டிவிட்டால் மட்டும் போதாது.
- கைச்சைகைகள்: இரைச்சல் மிகுந்த இடங்களில் 'நிறுத்து', 'வெளியேறு', 'உதவி' ஆகியவற்றுக்குச் சைகைகளை முன்கூட்டியே வரையறுத்து, அனைவரையும் பழக்கலாம்.
- அனைவரின் மொழி: பெரும்பான்மையோரின் மொழியோடு நில்லாமல், தொட்டி, டிரம், அமிலக் கிடங்கு ஆகிய இடங்களில் உண்மையில் வேலை செய்பவரின் மொழியில் அறிவிப்பு வைக்க வேண்டும். எழுத்தறியாதோருக்கு ஒலிப்பதிவும் நேர்முக விளக்கமும் உதவும்.
- தமிழில் ஊதியச் சீட்டு: பிடித்தங்களின் பெயர்கள் சுருக்கமின்றி எழுதப்படலாம்.
- மாற்று வழி: மேற்பார்வையாளரையோ முகவரையோ தாண்டி முறையிட, தொழிற்சங்கம், பாதுகாப்புக் குழு, உள்ளகக் குழு ஆகியவற்றின் தொடர்பு விவரங்கள் தெரியும்படி இருத்தல் வேண்டும்.
- பதில் கிடைத்தல்: முறையீட்டின் மீது எடுத்த நடவடிக்கையை முறையிட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். பதில் வராத முறையீட்டுப் பெட்டியில் நாளடைவில் எவரும் கடிதம் இடமாட்டார்.

வரம்புகள்

எல்லாச் சிக்கல்களும் தொடர்பாடல் குறையால் எழுபவை அல்ல. சுவர் வலுவற்றதாயின் அதைச் சீர்செய்ய வேண்டும். எத்தனை மொழியில் எச்சரித்தாலும் அது இடியும். கூலி குறைவு என்ற செய்தி தெளிவாகச் சென்ற பின்னும் கூலி உயராதிருக்கலாம். அந்நிலையில் எஞ்சியிருப்பது உடன்பாடின்மையே அன்றித் தொடர்பாடல் தடை அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தால், விளக்கிக் கூறித் தீர்க்க வேண்டியது எது, சட்டத்தாலும் பேரத்தாலும் தீர்க்க வேண்டியது எது என்பது தெளிவாகும்.