கடலடிச் சேறும் அறுந்த தந்தி வடங்களும்

ஆழ்கடலின் அடித்தளம் அமைதியின் உறைவிடம் என்றே அறிஞர் பலர் ஒரு காலத்தில் எண்ணியிருந்தனர். மேலே புயல் வீசினும் கீழே படிந்த சேறு அசையாது கிடக்கும் என்பது அவர்தம் துணிபு. 1929ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சி அத்துணிபைத் தகர்த்தது.

அன்று மாலை, நியூபவுண்லாந்துத் தீவின் தெற்கே, கிராண்ட் பாங்ஸ் என்னும் மீன்வளத் திட்டின் விளிம்பிலே பூமி அதிர்ந்தது. அதிர்ச்சியின் அளவு 7.2. அதனைத் தொடர்ந்த பேரலைகள் பியூரின் குடாநாட்டு மீனவர் ஊர்களைத் தாக்கி 28 உயிர்களைக் கொள்ளைகொண்டன. அவ்வூர்களின் தந்திக் கம்பி முன்னரே புயலினாற் பழுதுற்றிருந்தமையால், உதவி வந்து சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் சென்றன.

கடலடியிலோ வேறொரு விந்தை நிகழ்ந்தது. அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து கிடந்த தந்தி வடங்களுள் 12 அறுந்தன. அதிர்ச்சியின் மையத்தை அடுத்தவை உடனே அறுந்தன. தெற்கே, மேலும் ஆழத்திற் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. இறுதி வடம் அறுந்தபோது 13 மணி நேரத்துக்கு மேல் கழிந்திருந்தது. வடங்கள் அறுந்த நேரங்களைத் தந்தி நிலையக் கருவிகள் பதிந்து வைத்திருந்தன.

1952இல் புரூஸ் ஹீசன், மோரிஸ் யூயிங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அந்நேரங்களையும் வடங்கள் கிடந்த இடங்களையும் ஒப்புநோக்கி விடை கண்டனர். தொலைவிற் கிடந்த வடங்களை அறுத்தது சேற்று வெள்ளமே என்பது அவர்தம் முடிபு.

கடலடிச் சேற்றில் துகள்களின் இடைவெளி எங்கும் நீர் நிறைந்துள்ளது. துகளைத் துகள் தாங்கும்வரை சரிவு நிலைத்து நிற்கும். குலுக்கம் நேர்ந்தால் அப்பிடி தளர்ந்து, சுமை இடைநீரின்மேற் சாரும். அப்போது வலுவிழந்த சேறு நழுவிக் கடல்நீருடன் கலந்து, அந்நீரினும் கனத்த கலங்கலாகிப் பள்ளம் நோக்கிப் பாயும். சரிவில் அது மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர் வேகத்தில் விரைந்ததென அவ்விருவரும் கணித்தனர். பிற்கால ஆய்வாளர் அவ்வேகத்தைக் குறைத்து மதித்தனராயினும், விளக்கத்தின் அடிப்படை நிலைபெற்றது.

பின்னர் அப்பகுதியின் ஆழ்கடற் சமவெளியிலே குழாய் இறக்கி எடுத்த மாதிரிகளும் இதற்குச் சான்று பகர்ந்தன. அவற்றின் மேற்படையிற் பருமணிகள் கீழும் நுண்மணிகள் மேலுமாகப் படிந்திருந்தன. கலங்கல் தெளியும்போது கனத்தவை முந்திப் படிவது இயல்பன்றோ?

இன்று கண்டங்களிடையே செல்லும் செய்திகளிற் பெரும்பகுதி கடலடி ஒளியிழை வடங்களின் வழியே செல்கிறது. ஆகவே, கடலடியில் வடமோ குழாயோ பதிக்க முற்படும் பொறியியலாளர் அங்குள்ள சேற்றின் நீரளவையும் அடர்த்தியையும் நழுவாது தாங்கும் வலிமையையும் முதலில் அளந்தறிகின்றனர்.