பின்வாங்கத் தெரிந்தவர் யார்? – புள்ளலூர், 1780

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலை வழியாக மைசூருக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குப் பாலாறு சோதனைச்சாவடி ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம். இது வேலூர்ப் பாலாறு இல்லை, காட்டுக்குள் ஓடிக் காவிரியில் சேரும் சின்ன ஆறு. 1993 ஏப்ரலில் வீரப்பன் ஆட்கள் கண்ணிவெடி வைத்து 22 பேரைக் கொன்ற பிறகு இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அந்தச் சாலையிலேயே கொள்ளேகால் தாண்டிப் போனால் மைசூர், அதற்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஒரு பெரிய போர்க்களம் வரைந்திருக்கிறது. அந்தச் சண்டை நடந்ததோ நம்ம காஞ்சிபுரத்துப் பக்கம், அதாவது இன்னொரு பாலாற்றுச் சீமையில்!

இந்தப் படம் எனக்கு இப்போது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் என் பையன் விளையாடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டுவார்கள். நம்ம ஆடுபுலி ஆட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடிப்பதற்கு இருக்கும் விதிகளைவிட ஓடுவதற்கு இருக்கும் விதிதான் எனக்குப் பிடித்தது. எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது முதுகைக் காட்டி ஓடினால், அவனுக்கு ஓர் இலவச அடி கிடைக்கும். அந்த அடி விழாமல் விலக வேண்டுமா? உங்கள் முறையை அதற்கே செலவழிக்க வேண்டும், அந்தச் சுற்றில் நீங்கள் அடிக்க முடியாது. நின்ற இடத்திலேயே தற்காத்துக்கொள்ளலாம், அதற்கும் விலை அதேதான். தப்பித்தாலும் எதிரி உங்களைவிட வேகமாக நடப்பவன் என்றால் அடுத்த சுற்றிலேயே பிடித்துவிடுவான். ஆக, பின்வாங்குவது இலவசம் இல்லை. இந்த விளையாட்டே பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் வைத்து விளையாடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது என்பதால், இதெல்லாம் நிஜப் போர்க்களத்திலிருந்து இறங்கி வந்த புத்திதான்.

சரி, புள்ளலூருக்கு வருவோம்.

1780 ஜூலையில் ஹைதர் அலி 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட படையோடு செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். சென்னையில் கம்பெனிப் படைக்குத் தலைவர் சர் ஹெக்டர் மன்ரோ, 1764ல் பக்சாரில் ஜெயித்த அதே மன்ரோ. (நம்ம ஊர் கதைகளில் வரும் தாமஸ் மன்றோ வேறு ஆள். அவர் அந்த வருஷம்தான் சின்னப் பையனாகச் சென்னையில் வந்து இறங்கியிருந்தார்.) ஹெக்டர் மன்ரோ சுமார் 5,000 பேரோடு காஞ்சிபுரத்தில் வந்து உட்கார்ந்தார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி சுமார் 2,800 பேரோடு வந்து சேர வேண்டும். வழியில் கொசஸ்தலை ஆறு. ஆகஸ்ட் 25ஆம் தேதி பெய்லி ஆற்றங்கரைக்கு வந்தபோது அதைத் தாண்டியிருக்கலாம். தாண்டாமல் வடகரையில் கூடாரம் போட்டார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது. பத்து நாள் அவ்வளவுதான், போச்சு.

செப்டம்பர் 6ஆம் தேதி பெரம்பாக்கத்தில் திப்பு வந்து மோதினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் இனி தனியாக நகர முடியாது என்று மன்ரோவுக்கு ஆள் அனுப்பினார். இடையில் இருந்த தூரம் சுமார் 14 மைல். மன்ரோ தானே போகவில்லை. காஞ்சிபுரத்தில் சேர்த்து வைத்த அரிசியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பது அவர் வாதம். கர்னல் பிளெட்சரிடம் ஆயிரம் பேரைக் கொடுத்து அனுப்பினார். பிளெட்சர் கெட்டிக்காரர். வழிகாட்டிகள் மேல் சந்தேகப்பட்டு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போய் 9ஆம் தேதி பெய்லியிடம் சேர்ந்துவிட்டார்.

அன்று ராத்திரியே புறப்பட்டார்கள். இருட்டிலேயே சுடப்பட்டார்கள். சில மைல் போனதும் பெய்லி நிறுத்தினார், விடிந்த பிறகு போகலாம் என்று. ஏன் நிற்கிறோம் என்று அதிகாரிகள் சிலர் பிளெட்சரிடம் கேட்டதாகச் சொல்கிறார்கள். ராத்திரியின் மறைவில் நடந்துகொண்டே இருந்திருந்தால் காஞ்சிபுரம் சில மணி நேர நடை. நின்ற நேரத்தில் ஹைதர் தன் முழுப் படையையும் பீரங்கிகளையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

10ஆம் தேதி காலை. சுற்றி வளைத்தாயிற்று. பெய்லி படையைச் சதுரமாக நிறுத்தினார். நாலு பக்கமும் துப்பாக்கி, நடுவில் காயம்பட்டவர்கள், மூட்டை முடிச்சு, வெடிமருந்து வண்டிகள். குதிரைப்படையை எதிர்க்க இதைவிட நல்ல தற்காப்பு அந்தக் காலத்தில் கிடையாது. ஆனால் பீரங்கிக்கு முன்னால் சதுரம் என்பது நகராத இலக்கு. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மைசூர்ச் சுவரில் சதுரத்தின் நடுவே எழும் அந்தத் தீயையும், பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியையும் இன்றும் பார்க்கலாம். சரணடைந்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரிகள் குறுக்கே வந்ததால்தான் சிலர் பிழைத்தார்கள். பிளெட்சர் செத்துப்போனார். பெய்லி 1782ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அங்கே அடைபட்டுக் கிடந்த டேவிட் பெயர்டு என்ற கேப்டன்தான் 1799ல் அதே கோட்டையைத் தாக்கிப் பிடித்த படைக்குத் தலைவர்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். செத்தவர்களில் வெள்ளை அதிகாரிகளின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சதுரத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் தெலுங்கும் தமிழும் பேசிய சிப்பாய்கள். மாதச் சம்பளத்துக்குப் போன நம்ம ஆட்கள். அவர்கள் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

மன்ரோ என்ன செய்தார்? கடைசியில் கிளம்பிச் சில மைல் வந்தார், சேதி தெரிந்ததும் திரும்பினார். கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, எந்த அரிசிக்காக நகராமல் இருந்தாரோ அதையும் விட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனார், பிறகு சென்னைக்கு. சிலர் பெய்லியின் தலையில் பழி போடுகிறார்கள். என் ஓட்டு மன்ரோவுக்கு எதிராகத்தான். பாங்க் ஆசாமி பாஷையில் சொன்னால், நஷ்டத்தை 6ஆம் தேதி ஒப்புக்கொண்டிருந்தால் அரிசி மட்டும் போயிருக்கும். 10ஆம் தேதி ஒப்புக்கொண்டபோது அரிசி, பீரங்கி, 3,800 பேர் கொண்ட ஒரு படை எல்லாமே போயிருந்தது.

சரி, அந்தப் போரில் பின்வாங்குவதை ஒழுங்காகச் செய்தது யார்? ஹைதர்தான்! 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் சர் அயர் கூட் அவரைத் தோற்கடித்தார். ஆனால் ஹைதர் தன் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டால் துரத்த முடியவில்லை. காரணம் வீரமும் இல்லை, தந்திரமும் இல்லை, மாடு! கம்பெனியிடம் வண்டி இழுக்க மாடு போதவில்லை, குதிரைப்படையும் குறைவு. ஹைதரிடம் மைசூர் அரசர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மாட்டுக் கூட்டம் இருந்தது. சிதம்பரத்தைக் காப்பாற்ற இரண்டரை நாளில் நூறு மைல் வந்தது அந்த மாடுகளால்தான் என்று மைசூர் கெஜட்டியர் எழுதுகிறது. தோற்ற ஒவ்வொரு முறையும் எதிரியின் கண்ணெதிரே பீரங்கிகளை மீட்டுக்கொண்டு போனதும் அவற்றால்தானாம். பையனின் விளையாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் 'வேகம்' என்று ஒரு எண் எழுதியிருப்பார்கள். ஹைதரின் எண் அந்த மாடுகளின் கால்களில் இருந்தது.

அந்த இனத்துக்கு 'அம்ருத மகால்' என்று பெயர் வைத்தவர் திப்பு. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கம்பெனி அந்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டது. பிறகு பராமரிப்பு மைசூர் அரசிடம் போய் மாடுகள் நலிந்துபோக, 1813ல் ஓர் ஆங்கில அதிகாரியை வைத்து மறுபடி தன் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டது. நீண்ட கொம்பு பின்னால் வளைந்த அந்த மாடுகளைச் சிக்கமகளூர் மாவட்டம் அஜ்ஜம்புராவில் இன்றைக்கும் அரசுப் பண்ணையில் வளர்க்கிறார்கள்.