கையில்லாதவரின் கையொப்பம்: பொது முத்திரையின் வரலாறு

ஒரு மனிதர் தமது காணியை விற்கும்போது உறுதியில் அவர் கையொப்பமிடுகிறார். ஒரு மடமோ, நகரசபையோ, கம்பனியோ காணி விற்கும்போது கையொப்பமிடுவது யார்? சட்டத்தின் பார்வையில் கம்பனியும் ஓர் ஆள்தான். சொத்து வாங்கலாம், விற்கலாம், வழக்காடலாம். ஆனால் அந்த ஆளுக்குக் கையில்லை. காணி வழக்குகளைப் பல ஆண்டுகளாகப் பத்திரிகையாளனாக அவதானித்து வந்தவன் என்ற முறையில், இக்கேள்வி வெறும் சட்ட நுணுக்கமன்று என்பதை நான் அறிவேன். தவறான ஆள் கையொப்பமிட்ட உறுதியை நம்பிப் பணம் கொடுத்தவர், காணியையும் பணத்தையும் ஒருங்கே இழக்க நேரிடும்.

இதற்குத் தமிழர்கள் கண்ட விடை பழைமையானது. சோழர் காலத்தில் பிராமணக் குடியிருப்புகளின் சபைகளும், ஏனைய ஊரவைகளும், வணிகர் நகரங்களும் நிலம் வைத்திருந்தன. கோயில்களுக்கு விற்கவும் செய்தன. அந்த விற்பனைகளைக் கூறும் கல்வெட்டுகளில் விற்பவர் 'சபையோம்', 'ஊரோம்', 'நகரத்தோம்' எனத் தன்மைப் பன்மையில் பேசுகின்றார். சபையின் பணிப்பின்படி மத்தியஸ்தன் ஆவணத்தை எழுதுவதும், இறுதியில் உறுப்பினர் பெயர்களோடு 'எழுத்து' என்ற சொல் வருவதும் பல கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. அங்கே 'எழுத்து' என்பது கையொப்பத்தைக் குறிக்கும். பலர் ஒன்றுகூடித் தமது பெயர்களை இட்டே கூட்டமைப்பின் இசைவைக் காட்டினர்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கே மடங்களும் நகரங்களும் தமக்கென ஒரு பொது முத்திரையை வைத்திருந்தன. மெழுகில் அது பதிக்கப்பட்டால், பேசியது அந்த அமைப்பே என்று கொள்ளப்பட்டது. ஆனால் முத்திரை யாருடைய கையில் இருக்கின்றதோ அவருடைய கையில் மடத்தின் சொத்து முழுவதும் இருக்கும் என்ற ஆபத்தும் உடன் வந்தது. முதலாம் எட்வேர்ட் மன்னன் காலத்தில், 1307 இல், கார்லைல் சட்டம் இதற்குத் தீர்வு கண்டது. மடத்தின் பொது முத்திரை, மடாதிபதிக்கு அடுத்த நிலையில் உள்ளவரிடமும், தகுதி வாய்ந்த துறவிகள் நால்வரிடமும் இருக்க வேண்டும். அது மடாதிபதியின் சொந்த முத்திரையால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மடாதிபதி தனியாக எதையும் எழுதிக் கொடுக்க இயலாது. அவரைத் தவிர்த்து மற்றவர்களும் எழுதிக் கொடுக்க இயலாது. இம்முறைக்கு மாறாக முத்திரையிடப்பட்ட ஆவணம் செல்லாது. இன்று 'இரு கையொப்பங்கள் வேண்டும்' என நாம் கேட்பதன் அடிப்படை, ஏழு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இந்த ஏற்பாட்டிலேயே தெளிவாக உள்ளது.

1612 இல் சட்டன் மருத்துவமனை வழக்கில் எட்வேர்ட் கோக், கூட்டமைப்பு என்பது கண்ணுக்குப் புலப்படாதது, சாவில்லாதது, சட்டத்தின் கருத்தில் மட்டும் வாழ்வது என விளக்கினார். 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் இதனைத் தொடர்ந்து, அத்தகைய ஆள் தன் எண்ணத்தை வெளியிடும் வாய் பொது முத்திரையே என்ற கருத்தை நிலைநிறுத்தினார்.

கம்பனிகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் புதிய சிக்கல் தோன்றியது. முத்திரை இருக்கிறது, ஆனால் அதை இடுவதற்குக் கம்பனிக்குள் உரிய தீர்மானம் நிறைவேற்றப்படவில்லை. வெளியாளின் கதி என்ன? 1856 இல் றோயல் பிரிட்டிஷ் வங்கிக்கும் டர்குவாண்டுக்கும் இடையிலான வழக்கு இதற்கு விடை தந்தது. உள்வீட்டு நடைமுறைகள் ஒழுங்காக நடந்தன என நல்லெண்ணத்துடன் நம்பும் உரிமை வெளியாளுக்கு உண்டு என்பதே அவ்விடை. ஆனால் இப்பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. 1906 இல் றூபன் வழக்கில், கம்பனிச் செயலாளர் ஒருவர் பணிப்பாளர்களின் கையொப்பங்களைப் போலியாக இட்டு, முத்திரையும் பதித்து வழங்கிய பங்குச் சான்றிதழ் கம்பனியைக் கட்டுப்படுத்தாது எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. முத்திரை உண்மையானதாக இருந்தும் பயனில்லாது போயிற்று.

அதன்பின் முத்திரையின் மதிப்புப் படிப்படியாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 1990 யூலை 31 முதல் கம்பனிக்கு முத்திரை கட்டாயமில்லை என்றாயிற்று. 2008 ஏப்ரல் முதல் ஒரு சாட்சியின் முன்னிலையில் ஒரேயொரு பணிப்பாளர் கையொப்பமிட்டாலே போதும். இந்தியா 2015 இலும், மலேசியாவும் சிங்கப்பூரும் 2017 இலும் முத்திரையை விருப்பத்திற்குரியதாக்கின.

இலங்கையில் காணி உறுதிக்கு அடித்தளமாக இருப்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணியை விற்கவோ ஈடு வைக்கவோ எழுத்து மூலமான ஆவணம் வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிலையாக இருக்க, உரியவரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கையொப்பமிட வேண்டும். கம்பனியும் இதற்கு விலக்கன்று. அதன் சார்பில் யார் கையொப்பமிடலாம் என்பதை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் கூறுகிறது: இரு பணிப்பாளர்கள், ஒரே பணிப்பாளர் எனில் அவர், கம்பனியின் அமைப்பு விதிகள் அனுமதிப்பவர், அல்லது கம்பனி நியமித்த அற்றோணி. பாராளுமன்றச் சட்டங்களால் கூட்டிணைக்கப்பட்ட சங்கங்களுக்கோ அந்தந்தச் சட்டமே வழிகாட்டி. பொதுவாக அவற்றில், குறித்த நிர்வாகிகள் முன்னிலையிலன்றி முத்திரை இடப்படலாகாது என்ற பிரிவு காணப்படும். கார்லைல் சட்டத்தின் எதிரொலியை அதில் கேட்கலாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இங்கேதான் முக்கிய செய்தி உள்ளது. ஊரின் பொதுத் தேவைக்கென நீங்கள் பணம் திரட்டிக் காணி வாங்குகிறீர்கள். உங்கள் சங்கம் கூட்டிணைக்கப்படாததாயின், சட்டத்தின் பார்வையில் அப்படியோர் ஆளே இல்லை. சங்கத்தின் பெயர்ப்பலகையும் இறப்பர் முத்திரையும் அதற்கு உயிர் கொடுக்கமாட்டா. காணி யாரோ சில தனிமனிதர்களின் பெயரில்தான் எழுதப்படும். அவர்கள் நம்பிக்கைப் பொறுப்பாளர்களாகவே வாங்குகின்றனர் என்பது உறுதியில் தெளிவாக எழுதப்படாவிடின், அவர்கள் காலமான பின் பிள்ளைகள் அதனைத் தம் முதுசமெனக் கருதுவதற்கு இடமுண்டு. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை; உறுதியில் உள்ளதைத்தானே அவர்கள் வாசிப்பார்கள்.

ஆகவே கூட்டமைப்பொன்றிடம் காணி வாங்குவோரும், கூட்டமைப்புக்காக வாங்குவோரும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த அமைப்பு சட்டப்படி ஓர் ஆளா? அதற்காகக் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர் யார்? அந்த அதிகாரத்தை அளித்த தீர்மானம் எங்கே? நொத்தாரிசின் முன் அமரும் முன்னரே இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை பெற்றுக்கொள்ளுங்கள்.