சுற்றுகளை எண்ணியவர்கள்: வெண்டல் ஸ்காட் ஓடிய 495 பந்தயங்கள்



இந்த நினைவுரை மேடையில் நிலத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று கார் பந்தயத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேர்விட்டு வளர்ந்த ஸ்டாக் கார் பந்தயம் அது. நமக்கும் அதற்கும் என்ன ஒட்டு என்று சிலர் கேட்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபோய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று அதில் கேட்டார். இந்தியத் தீண்டத்தகாதோரின் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையையும் எடுத்துச் சொன்னார். ஆகவே அவர்கள் வரலாற்றைப் படிக்க நாம் புதிதாக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அந்த வரலாற்றில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவர் பெயர் வெண்டல் ஸ்காட். ஒரு மனிதன் ஜெயித்தானா தோற்றானா என்பதை எந்த ஏட்டில் யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியை அவர் வாழ்க்கை நம்முன் வைக்கிறது.

முதலில் இந்தப் பந்தயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஃபோர்டு, செவர்லே, பிளிமத் என்று ஊரார் கடையில் வாங்கி ஓட்டுகிற கார்களின் எஞ்சினைப் பலப்படுத்தி, நீள்வட்டத் தடத்தில் ஓட்டியதே ஸ்டாக் கார் பந்தயம். தொடக்க காலத்தில் பெரும்பாலும் மண் தடம்தான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் தெற்கின் மலைப்பகுதிகளில் வரி கட்டாத சாராயம் காய்ச்சுவது நிற்கவில்லை. காய்ச்சியதை இரவோடு இரவாக நகரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கார். மூடியைத் திறந்தால் போலீஸ் வண்டியை விட வலுவான எஞ்சின். இப்படி ஓட்டிப் பழகியவர்கள் பலர் பந்தயத் தடத்துக்கு வந்தார்கள். 1947 டிசம்பரில் டேடோனா பீச் நகரின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் என்பவர் கூட்டிய கூட்டத்திலிருந்து நாஸ்கார் என்ற அமைப்பு பிறந்தது. யாருக்கு உரிமம், யாருக்கு எத்தனை புள்ளி, பந்தயத்தின் விதி என்ன என்பதெல்லாம் அதன் கைக்குப் போயின.

கறுப்பர்கள் கார் பந்தயத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1924 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் தங்களுக்கென்று ‘கோல்ட் அண்ட் குளோரி’ என்ற பந்தயத்தை நடத்தினார்கள். அதே ஊரில் நடந்த புகழ்பெற்ற 500 மைல் பந்தயத்தில் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே காரணம். சார்லி விக்கின்ஸ் போன்ற தேர்ந்த மெக்கானிக்குகள் அங்கே ஓடினார்கள். சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டு, பிறகு அவர்களில் திறமைசாலி யாரும் இல்லையே என்று கேட்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தான்.

வெண்டல் ஸ்காட் 1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் பிறந்தார். பஞ்சாலையும் புகையிலையும் சோறு போட்ட ஊர் அது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பு அரசுக்கு 1865இல் கடைசித் தலைநகராக இருந்ததும் அந்த ஊர்தான். முதலாளியின் கண்பார்வையில் ஆலையில் நிற்கும் பிழைப்பு வேண்டாம் என்று ஸ்காட் சிறுவயதிலேயே முடிவு செய்துகொண்டார். தந்தையிடமிருந்து கார் வேலை கற்றார். டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில், வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்த ராணுவத்தில் மெக்கானிக்காக ஐரோப்பா போய் வந்தார். திரும்பி வந்து சொந்தமாக ஒரு பட்டறை வைத்தார். பட்டறை வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. இரவில் சாராயம் ஏற்றி ஓட்டினார். 1949இல் ஒரே ஒரு முறை பிடிபட்டார். நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

1952இல் டான்வில் பந்தயத் திடலில் கூட்டம் சேரவில்லை. கறுப்பன் ஒருவனை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்க ஜனம் வரும் என்று நடத்துகிறவர்கள் கணக்குப் போட்டார்கள். வேகமாக ஓட்டுகிற கறுப்பர் யார் என்று விசாரிக்க அவர்கள் போன இடம் போலீஸ் நிலையம். போலீசார் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள். துரத்தியவர்கள் கொடுத்த நற்சான்றில்தான் அவருடைய பந்தய வாழ்க்கை தொடங்கியது. 1952 மே 23 அன்று அவர் ஓடினார். அது நாஸ்காருக்கு வெளியே நடந்த பந்தயம். கார் பாதியில் பழுதாகி நின்றது. ஆனாலும் இதுதான் தன் தொழில் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

காரைச் சரிசெய்து, கட்டி இழுத்துக்கொண்டு வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சில நாள் கழித்து ஹை பாயின்ட் நகருக்குப் போனார். அங்கே வேறொரு யோசனை சொன்னார்கள்: உன் கார் ஓடட்டும், ஆனால் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஓட்டட்டும். அவர் மறுத்துவிட்டுத் திரும்பினார். தோழர்களே, இந்த யோசனையை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அவர் கை பட்ட எஞ்சின் அவர்களுக்குத் தீட்டு இல்லை. அவர் உழைப்பில் உருவான வேகத்திலும் குறை இல்லை. ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்காருவதும், ஜெயித்தால் மேடையில் நிற்பதும்தான் அவர்களால் பொறுக்க முடியாததாக இருந்தன.

அதே காலத்தில் அதே தொழிலிலிருந்து வந்த இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வட கரோலினாவின் ஜூனியர் ஜான்சன் வெள்ளையர். 1956இல் தந்தையின் சாராய அடுப்பருகே பிடிபட்டு 11 மாதம் சிறையில் இருந்தார். விடுதலையாகி வந்து பெரிய அணிகளின் கார்களில் ஓடினார். 50 பந்தயங்களில் வென்றார். 1986இல் குடியரசுத் தலைவர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர் ஏழைக் குடியானவரின் பிள்ளை. ஆனால் சாராயம் ஓட்டிய கதை ஜான்சனுக்கு நாட்டுப்புற வீரன் என்ற புகழைத் தந்தது. ஸ்காட்டுக்கு அதே கதை, வேடிக்கைப் பொருளாக ஒருநாள் ஓடுவதற்கான அழைப்பை மட்டுமே தந்தது.

நாஸ்கார் உரிமம் ஸ்காட்டுக்குத் தலைமையகத்திலிருந்து கிடைக்கவில்லை. ரிச்மண்ட் நகரில் பகுதிநேர அலுவலராக இருந்த ஒரு வெள்ளையர், வரப்போகும் தொல்லைகளை எச்சரித்துவிட்டு, தம் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அமைப்புக்குள்ளும் இப்படித் தனி மனிதர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உரிமம் கைக்கு வந்த பின் ஸ்காட் சிறு தடங்களில் வாரந்தோறும் ஓடினார். வசைகளும் மிரட்டல்களும் வந்தன. வேண்டுமென்றே அவர் காரை இடித்துத் தள்ளியவர்களும் இருந்தார்கள். 1959இல் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் வர்ஜீனியா மாநில சாம்பியன் ஆனார். 1961இல் நாஸ்காரின் மேல்மட்டப் பிரிவான கிராண்ட் நேஷனலில் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது 39.

இனி 1963ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூன் மாதம் அவருடைய சொந்த ஊரான டான்வில்லில் உரிமைப் போராட்டம் நடத்திய கறுப்பர்கள்மீது போலீசார் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, தடியால் அடித்து நொறுக்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்தார். டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அரை மைல் மண் தடத்தில் 100 மைல் பந்தயம். நெட் ஜாரெட் என்ற ஓட்டுநரிடமிருந்து வாங்கிய பழைய செவர்லே காரில் ஸ்காட் ஓடினார். ரிச்சர்ட் பெட்டியின் கார் பழுதில் திணறிக்கொண்டிருந்தது. 25 சுற்று மிச்சமிருக்கும்போது ஸ்காட் அவரைக் கடந்து முன்னே போனார்.

அந்நாளில் மின்னணுக் கருவிகள் கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து, அந்தக் கார் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் அட்டையில் குறிக்க வேண்டும். 200 சுற்றுகள் முடிந்தன. ஸ்காட்டுக்குக் கொடி காட்டவில்லை. அவர் ஓடிக்கொண்டே இருந்தார். அவர் காரின் கணக்கில் 202 சுற்றுகள் ஏறின. பக் பேக்கர் வென்றார் என்று அறிவித்தார்கள். கோப்பையும் அவரிடம் போனது. ஸ்காட் விடவில்லை, அட்டைகளைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, வென்றவர் ஸ்காட்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில். எண்ணிக்கையில் பிழை நேர்ந்தது என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். வெற்றி மேடையில் வெள்ளைக்கார அழகி ஒருத்தி வென்றவருக்கு முத்தம் கொடுப்பது வழக்கம். அந்தக் காட்சியை அந்த ஊர் காணக்கூடாது என்பதே உண்மைக் காரணம் என்று ஸ்காட் குடும்பத்தார் கருதினார்கள். பிழை என்றே வைத்துக்கொண்டாலும், கூட்டத்தின் முன் செய்த பிழையைக் கூட்டம் போன பிறகு திருத்தினார்கள் என்பது மாறாது.

495 பந்தயங்களில் ஒரே ஒரு வெற்றிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணை வாசிக்க இந்தத் தொழிலின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். முன்னணி ஓட்டுநர்களுக்குக் கார் நிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் பணம் கொடுத்தன. எஞ்சினும் புது டயரும் கொடுத்தன. சம்பளம் வாங்கும் மெக்கானிக் கூட்டம் அவர்களுக்கு இருந்தது. ரிச்சர்ட் பெட்டி 200 முறை வென்றார். அவர் பிறந்ததே மூன்று முறை சாம்பியனான லீ பெட்டியின் பந்தயக் குடும்பத்தில். ஸ்காட்டுக்கு முறையான ஸ்பான்சர் கடைசிவரை கிடைக்கவில்லை. மெக்கானிக், ஓட்டுநர், காரை இழுத்துப் போகும் லாரி டிரைவர் எல்லாம் அவர்தான். பிள்ளைகள்தான் அவருக்குப் பழுது பார்க்கும் குழு. பிறர் ஓட்டிக் கழித்த டயரையும் உதிரி பாகங்களையும் வாங்கி ஓட்டினார். எஞ்சினை முழு வேகத்தில் விரட்டினால் வெடிக்கும். வெடித்தால் அடுத்த வாரம் ஓட கார் இருக்காது. ஆகவே முடிவுவரை ஓடிப் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை வாங்குவதே அவரைப் போன்றவர்களின் உத்தி. அப்படி ஓடியும் 147 முறை முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். 1966இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டும் முதல் பத்துக்குள் இருந்தார். அந்த வருமானத்தில் மனைவி மேரியோடு ஏழு பிள்ளைகளை வளர்த்தார்.

1973இல், 51 வயதில், ஒருமுறையாவது தரமான காரில் ஓடிப் பார்க்க வேண்டும் என்று கடன் வாங்கி ஒரு மெர்க்குரி கார் வாங்கினார். மே 6 அன்று அலபாமாவின் டல்லடேகா தடத்தில் இருபது கார்கள் அளவில் மோதிக்கொண்ட பெரும் விபத்தில் அந்தக் கார் நொறுங்கியது. விலாவும் இடுப்பெலும்பும் முறிந்தன. அதன்பின் ஒரே ஒரு பந்தயம் ஓடி 12ஆவது இடம் வந்தார். பிறகு டான்வில் பட்டறைக்குத் திரும்பினார். 1977இல் ரிச்சர்ட் பிரையர் நடித்து அவர் வாழ்க்கை சினிமாவாக வந்தது. 1990 டிசம்பர் 23 அன்று காலமானார்.

நம் நாட்டிலும் ஒரு துணைச் சாட்சி உண்டு. 1876இல் பிறந்த பல்வங்கர் பாலு சமார் சாதியைச் சேர்ந்தவர். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மைதானம் பராமரிக்கும் வேலையிலிருந்து பந்துவீச்சாளராக எழுந்தார். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். மைதானத்தில் அவர் எறிந்த பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே தனி மண்குவளை கொடுத்தார்கள். இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு மேடையை மறுக்கும் இந்த வழக்கத்துக்குக் கடல் ஒரு தடையாக இருக்கவில்லை.

2015இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் ஸ்காட் சேர்க்கப்பட்டார். 2020 ஜூனில், அந்த அமைப்பின் ஒரே முழுநேரக் கறுப்பின மேல்மட்ட ஓட்டுநரான பப்பா வாலஸ் குரல் கொடுத்த பிறகு, பந்தயத் திடல்களில் கூட்டமைப்புக் கொடி தடை செய்யப்பட்டது. 2021 ஆகஸ்டில் டேடோனாவில் ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் கொடுத்தது. வென்று ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இறந்தும் 30 ஆண்டுகள் கடந்திருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று, ஸ்காட்டின் உடல் முறிந்த அதே டல்லடேகாவில், வாலஸ் வென்றார். மேல்மட்டப் பிரிவில் ஒரு கறுப்பர் பெற்ற முதல் வெற்றிக்கும், இன்னொரு கறுப்பர் பெற்ற வெற்றிக்கும் இடையே அத்தனை ஆண்டு.

நினைவுரை என்பது இறந்தவரைப் புகழ்வதற்கான சடங்கு மட்டும் அல்ல என்று நம்புகிறவர்கள் நாம். ஸ்காட் செய்த ஒரு காரியத்தை இன்று எடுத்துக்கொண்டு போவோம். அறிவிப்பு வந்த பிறகும் அவர் திடலை விட்டுப் போகவில்லை. அட்டையை எடுத்துத் திரும்ப எண்ணு என்று கேட்டார். நம் ஊர்களில் பட்டறையில், லாரியில், மைதானத்தில், பறையடிக்கும் களத்தில் திறமை காட்டிய நம் பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்களோடு உழைத்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இந்த அவையில் இருக்கும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் இந்த ஆண்டு அப்படி ஒருவரிடம் போய் உட்கார்ந்து, தேதியோடும் ஊரோடும் பெயரோடும் எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அதை வாசிப்போம்.